எட்டு மடிப்புத் துணி

எங்கள் தொழிற்சாலையில் பஞ்சு தண்ணீரில் மூழ்க வேண்டும். மிதந்தால் அது காயத்துக்கு ஆகாத பஞ்சு. ஐந்து கிராம் பஞ்சைக் கம்பிக்கூடைக்குள் வைத்து, தண்ணீருக்குச் சற்று மேலே பிடித்து நழுவவிட்டு, பத்து எண்ணுவதற்குள் முழுவதும் உள்ளே போகிறதா என்று பார்ப்பேன். இருபத்திரண்டு வருடமாக என் வேலையில் பாதி இதுதான். மீதிப் பாதி, பேண்டேஜ் துணியில் நூல் எண்ணுவது, மடிப்பு சரியா என்று பார்ப்பது, கையெழுத்துப் போடுவது.

ராஜபாளையம் தாண்டி சேத்தூர் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறேன். எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு வெப்ப அறை வந்தது. ஒரு ஆள் உள்ளே நின்று நடமாடக்கூடிய பெரிய பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே எப்போதும் நாற்பது டிகிரி வெப்பம், எழுபத்தைந்து சதவீத ஈரப்பதம். பஞ்சுப் பொட்டலங்களை அதற்குள் மாதக்கணக்கில் வைத்திருந்தால், வெளியே வருடக்கணக்கில் என்ன ஆகுமோ அது முன்கூட்டியே தெரிந்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் இப்போது அந்தக் கணக்கைக் கேட்கிறார்கள்.

அதை நிறுவிச் சோதித்துக் கொடுக்க மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் என் மகள்.

இது தற்செயல்தான். ஆனால் அவளுக்கு இது சாதாரண வேலை இல்லை. அதற்கு நான்கு மாதம் முன்பு, வேறொரு ஊரில், ஒரு குளிர் அறைக்குள் அவள் மாட்டிக்கொண்டாள். உள்ளே மைனஸ் இருபது. அவள் இருப்பது தெரியாமல் யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளிருந்து திறக்கும் குமிழ் பனி உறைந்து இறுகியிருந்தது. பதினோரு நிமிடம். கையிலிருந்த ஸ்பேனரால் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். "சும்மா தட்டுனா மெஷின் சத்தம்னு விட்டுருவாகம்மா. அதான் மூணு மூணாத் தட்டுனேன்" என்று என்னிடம் ஏதோ கல்லூரிக் கதை சொல்வது போலச் சொன்னாள். அந்தப் பக்கம் டீ வாங்கப் போன ஒருவர் காதில் விழுந்து கதவைத் திறந்தார்.

அவளுக்கு விரல் நுனிகளில் கொஞ்ச நாள் மரப்பு இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை. வீட்டு ஃப்ரிட்ஜின் கதவு மூடும்போது வரும் அந்த மெத்தென்ற சத்தம் இப்போதும் என்னை ஒரு நொடி நிறுத்திவிடுகிறது.

அவள் நிறுவனம் அவளை அலுவலகத்தில் உட்கார வைத்தது. கொட்டேஷன் அடிக்கிற வேலை. ஏசி, நாற்காலி, ஆறு மணிக்கு வீடு. நான் கோயிலுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவளோ மேலதிகாரியிடம் சண்டை போட்டு, ஒரே ஒரு வேலை கொடுங்கள், அது சரியாக முடியவில்லையென்றால் நானே நாற்காலிக்குத் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒரே ஒரு வேலைதான் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தது.

முதல் நாள் காலை பஸ்ஸில் அவள் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"எம்மா, அங்க வந்து தாயி, பாப்பான்னு கூப்புட்டுறாத. நான் கம்பெனி ஆளு. நீ கஸ்டமரு."

"பொறவு எப்படிக் கூப்புட?"

"மேடம்னு கூப்புடு. நானும் ஒன்னைய மேடம்னுதான் சொல்லுவேன்."

சொன்னபடியே செய்தாள். "மேடம், ஆர்.ஓ. தண்ணி லைன் எந்தப் பக்கம் வருது?" என்று அவள் கேட்டதும், பேக்கிங் பகுதியில் வேலை பார்க்கும் என் சிநேகிதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏக்கா, பெத்து வளத்ததுக்கு மேடம் பட்டமா? என் மக என்னைய ஏட்டி, வாட்டின்னு கூப்புடாம இருந்தாப் போதும்."

சுவர்ப் பலகைகளைப் பொருத்துகிற ஆட்கள் முந்தைய வாரமே வந்து அறையை எழுப்பிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கு மேல் எல்லாம் அவள் வேலை. அவள் வேலை செய்வதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. வீட்டில் அவள் துண்டைக் கட்டில் மேல் போட்டுவிட்டுப் போகிறவள். இங்கே ரசமட்டத்தைத் தரையில் வைத்து, குப்புறப் படுத்து, கன்னம் தரையில் படக் குமிழியைப் பார்த்தாள். ஒரு மூலை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. பலகைகளை எழுப்பியவர்கள் கவனிக்காதது. அரை நாள் செலவழித்து அதை உயர்த்தினாள். "தரை சாஞ்சிருந்தா கதவு தானாச் சாயும் மேடம். கதவு சாஞ்சா அம்புட்டும் போச்சு" என்றாள். அந்த வாக்கியம் எனக்குப் பிறகு நினைவுக்கு வரப் போகிறது என்று அப்போது தெரியாது.

எங்கள் எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சைப் போடப் போனபோது அவள் தடுத்தாள். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, எர்த் சரியில்லை, சரிசெய்யாமல் போடக்கூடாது என்றாள்.

"இருவது வருசமா இதே எர்த்துலதான் பாப்பா மொத்த மில்லும் ஓடுது" என்றார் அவர்.

"இருவது வருசமா ஒங்களுக்கு நல்ல நேரமும் சேந்து ஓடிருக்குண்ணே."

அவர் முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான் மகளைக் கண்டிப்பேன் என்று நினைத்திருக்கலாம். நான் கூடையில் பஞ்சை வைத்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். உள்ளே இணைப்பு துருப்பிடித்துப் பாதி அறுந்திருந்தது. சாயங்காலம் அவரே அவளுக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். "நம்ம புள்ள வெவரந்தான்" என்று என்னிடம் சொன்னார். 

எங்கள் மேனேஜர் நல்ல நேரம் பார்த்துத்தான் எதையும் ஓட்டுவார். வெப்ப அறைக்கும் சந்தனம், குங்குமம், மாலை, சூடம் எல்லாம் தயாராக இருந்தன. என் மகள் மறுக்கவில்லை. சந்தனத்தைக் கதவின் வெளிப்பலகையில் மட்டும் வைக்கச் சொன்னாள், ஓரத்து ரப்பரில் படக்கூடாது. சூடத்தை வராந்தாவில் காட்டச் சொன்னாள், புகை உள்ளே போனால் ஈரப்பதம் பார்க்கிற சென்சார் கெட்டுவிடும். சொன்ன விதத்தில் மேனேஜருக்கு வருத்தமே வரவில்லை. அவரே தட்டை எடுத்துக்கொண்டு நாலடி பின்னால் போய்ச் சூடம் காட்டினார். பெரியவர்களை நகர்த்தி நிறுத்த நான் எந்தக் காலத்திலும் கற்றுக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் காலைதான் நான் அதைச் செய்தேன்.

அறைக்குள் ஒன்பது இடங்களில் சென்சார் கட்ட வேண்டும். எட்டு மூலைக்கு எட்டு, நடுவில் ஒன்று. ஒரு நாள் முழுவதும் ஒன்பதும் ஒரே மாதிரி வெப்பமும் ஈரமும் காட்டினால்தான் அறை தேறியது என்று அர்த்தம். ஒயர்களை வரிசையாகக் கட்டிவிட்டு அவள் என்னிடம் சொன்னாள்:

"மேடம், கதவ மூடிட்டு உள்ள செத்த நேரம் நின்னு காத்து எப்படிச் சுத்துதுன்னு பாக்கப் போறேன்."

"தொறந்து வச்சுப் பாத்தா ஆகாதா?"

"ஆகாது மேடம்."

அவள் உள்ளே போனாள். வெள்ளைக் கதவு அவளை நோக்கி நகர்ந்தது. மெத். அதே சத்தம்.  கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. அதன் வழியே அவள் கையில் ஒரு நூலைப் பிடித்து, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம்கூட இருக்காது. உள்ளிருந்த பச்சைக் குமிழை அழுத்தித் தானே வெளியே வந்தாள். "இன்னும் நாலஞ்சு தடவ போக வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை எடுக்க வராந்தாவுக்குப் போனாள்.

மேசையில் பேண்டேஜ் துணி இருந்தது. நான் அதை எடுத்து மடித்தேன். எட்டு மடிப்பு. வெட்டு ஓரங்கள் உள்ளே போக மடிப்பது எங்கள் வழக்கம், ஓர நூல் காயத்தில் உதிரக்கூடாது என்பதற்காக. கை தானாகவே அப்படித்தான் மடித்தது. கதவின் தாழ் போய் விழுகிற துளைக்குள் அந்தத் துணியைத் திணித்து, விரலால் உள்ளே அழுத்தினேன். இனி தாழ் விழாது. கதவு சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும். யார் தள்ளினாலும் திறக்கும்.

வெள்ளைத் துளைக்குள் வெள்ளைத் துணி. கதவின் ஓர ரப்பருக்குள் காந்தம் உண்டு, அது கதவை இழுத்துப் பிடித்தது. கதவு மூடியிருப்பதாகவே கருவியும் நம்பியது. அவள் அன்று இன்னும் ஐந்து முறை உள்ளே போனாள். நான் ஐந்து முறையும் நிம்மதியாக நூல் எண்ணினேன். மாலையில் ஒருநாள் பதிவைத் தொடங்கிவிட்டு நாங்கள் பஸ் ஏறினோம். துணியை எடுக்க மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அது பொய். நாளைக்கும் அவள் உள்ளே போவாள் என்று நினைத்து விட்டுவைத்தேன்.

மூன்றாம் நாள் லேப்டாப் திரையில் எட்டுக் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக, பின்னிய சடை போல ஓடின. ஒன்பதாவது, கதவுப் பக்கத்து மேல்மூலைக் கோடு, மட்டும் தனியாகக் கீழே தொங்கியது. கதவு சாஞ்சா அம்புட்டும் போச்சு என்று முதல் நாள் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது.

மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்ன மேடம், புதுச் சேம்பர்லயே இப்படிக் காட்டுது? அடுத்த வாரம் பாக்க ஆள் வாராகளே."

"காரணம் இருக்கும் சார். கண்டுபுடிச்சுருவேன்."

"தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒங்க கம்பெனிக்கு ஒரு போன் போட்டு, சீனியர் யாரையாவது அனுப்பச் சொல்லவா? மத்தியானம் வரைக்கும் பாக்கேன்."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "பாருங்க சார்" என்றாள். ஆனால் அந்த ஒரு போன் போனால் அவள் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியும். கொட்டேஷன். நாற்காலி. ஆறு மணிக்கு வீடு.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த நிமிடத்தில் எனக்குள் ஒரு குரல், நல்லதுதானே, என்றது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பயத்தில் துணியை வைத்தது ஒரு தப்பு. இது அதைவிடப் பெரிது. கூடையைத் தண்ணீரில் விட்டுவிட்டு எண்ண மறந்து நின்றேன்.

அவள் பதறவே இல்லை. முதலில் சென்சாரைச் சந்தேகப்பட்டாள். ஒன்பதாவதைக் கழற்றி நடுவிலும், நடுவில் இருந்ததை ஒன்பதாவது இடத்திலும் மாற்றிக் கட்டினாள். அரை மணி காத்திருந்தாள். கோடு இடம் மாறவில்லை. கதவு மூலையிலேயே தொங்கியது. "சென்சார் யோக்கியன். எடந்தான் தப்பு" என்று தனக்குத்தானே சொல்லி நோட்டில் எழுதினாள். ஒயர் போகிற ஓட்டையின் அடைப்பைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் பார்த்து, எழுதி, அடித்து, அடுத்ததற்குப் போனாள். இருபத்திரண்டு வருடம் ஆய்வகத்தில் இருந்த நான் ஒரு பொட்டலம் தேறாவிட்டால் முதலில் யார் மேல் பழி வரும் என்றுதான் யோசிப்பேன். அவள் பழியை யோசிக்கவே இல்லை. எங்கே ஒழுகுகிறது என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

கடைசியில் சட்டைப் பையில் கைவிட்டுக் காலையில் பஸ்ஸில் கொடுத்த மகளிர் இலவச டிக்கெட்டை எடுத்தாள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் அதை வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுத்தாள். கீல் பக்கம் டிக்கெட் அசையவில்லை, ரப்பர் அதை இறுகப் பிடித்திருந்தது. கீழே, அசையவில்லை. மேலே வந்தாள். தாழ்ப் பக்கம் வந்தபோது டிக்கெட் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"ஓசி டிக்கெட்டு எம்புட்டு வேல பாக்குது பாருங்க" என்றார் எலக்ட்ரீஷியன்.

நான் சொல்லத்தான் போனேன். "மேடம்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் டார்ச்சை அடித்து, தாழ்த் துளைக்குள் சுண்டுவிரலை விட்டு, துணியை வெளியே இழுத்துவிட்டாள்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எட்டு மடிப்பு, ஓரம் உள்ளே. சின்ன வயதில் அவள் முழங்காலில் நான் வைத்துக் கட்டியதெல்லாம் அந்த மடிப்புத்தான். ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு துணியைக் கைக்குள் மூடிக்கொண்டு மேனேஜரிடம், "தாழ்ல அடைப்பு இருந்துச்சு சார், அதான் கதவு இறுகல. எடுத்தாச்சு. இன்னைக்கு மறுபடி ஓட்டுறேன், நாளைக்கு ரிப்போர்ட்" என்றாள்.

"என்ன அடைப்பு?"

"நான் வச்சது சார்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "பிள்ள உள்ள போறா. பயத்துல வச்சுட்டேன். அவ மேல தப்பில்ல, சேம்பர் மேலயும் தப்பில்ல."

மேனேஜர் எதையோ சொல்ல வாயெடுத்தார். என் சிநேகிதி முந்திக்கொண்டாள். "சார், இவ மக உள்ள மாட்டுன கத ஒங்களுக்குத் தெரியாது. நானா இருந்தாக் கதவையே கழட்டி வீட்டுக்குக் கொண்டு போயிருப்பேன்." அவர் தலையை ஆட்டிக்கொண்டு, இனி இன்ஜினியர் சொல்லாமல் யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் என்னைக் கூசவைக்க அவருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் நானும் அவளும் தனியாக உட்கார்ந்தோம். தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"எம்மா, எனக்கு மட்டும் பயமில்லன்னா நெனச்ச?"

நான் டிபன் டப்பாவின் மூடியை எடுத்து மூடினேன்.

"நேத்து மொதத் தடவ உள்ள போகையில எனக்குக் கை வேர்த்துச்சு. அதுக்குத்தான் நூலப் புடிச்சுக்கிட்டு நின்னேன். காத்தப் பாக்கவும் ஆச்சு, கை நடுங்குதான்னு பாக்கவும் ஆச்சு. நீ அந்தத் துணிய வச்சதுக்குப் பொறவு நான் அஞ்சு தடவ போயி வந்தேனே, அதெல்லாம் கணக்குலயே வராதும்மா. பூட்டாத கதவத் தொறந்துக்கிட்டு வந்துருக்கேன். எனக்கே தெரியாம."

நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்த இடத்தில் அவளிடமிருந்து எதை எடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"என்ன செய்யணும் சொல்லுட்டி" என்றேன்.

"உள்ள போ."

"நானா?"

"ஒருக்கா. கதவு மூடும். பச்சக் குமிழ அழுத்துனா தொறக்கும். நான் வெளிய இருந்து தொட மாட்டேன்."

பதிவைத் திரும்பத் தொடங்கும் முன் அவள் என்னை உள்ளே விட்டாள். முதலில் என் மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. குளித்து முடித்த குளியலறை போல ஈரச் சூடு. விசிறியின் சத்தம் நாலு பக்கமும் ஒரே அளவில் இருந்தது. கதவு மூடியது. மெத். அதோடு இன்னொரு சத்தம், நான் தடுத்து வைத்திருந்த சத்தம், தாழ் துளைக்குள் போய் விழுந்த 'டக்'.

என் மகள் பதினோரு நிமிடம் இதைவிட மோசமான ஓர் அறையில் நின்று, யோசித்து, மூன்று மூன்றாகத் தட்டியிருக்கிறாள். கத்தவில்லை. அழவில்லை. எந்தச் சத்தம் மனிதச் சத்தம் என்று கேட்கிறவருக்குத் தோன்றும் என்று யோசித்திருக்கிறாள். சுவரில் கைவைத்து நின்ற எனக்கு அது முதல்முறையாக, பயமாக இல்லாமல், வேறு விதமாகத் தெரிந்தது. பஞ்சுக்கு எண்ணுவது போல எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் கண்ணாடியைத் துடைத்தேன். பச்சைக் குமிழ் மங்கலாக ஒளிர்ந்தது. பத்தில் அழுத்தினேன்.

கதவு திறந்தது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நாலடி தள்ளி நின்றாள். ஆனால் முகம் வெளுத்திருந்தது.

"எத்தன வரைக்கும் எண்ணுன?" என்றாள்.

"பத்து."

"நான் முப்பது எண்ணிட்டேன்மா" என்று சிரித்தாள்.

மறுநாள் ஒன்பது கோடுகளும் சேர்ந்து ஓடின. கதவை ஒரு நிமிடம் திறந்து மூடி, எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்று பார்த்தாள். தேறியது. மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தாள். தேறியது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். நிறுவியவர் என்ற இடத்தில் அவள் போட்டாள். சரிபார்த்தவர் என்ற இடத்தில், ஆய்வகத்தின் சார்பில், நான் போட்டேன். எவ்வளவோ அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதில்தான் பேனா ஒருமுறை நின்று பிறகு ஓடியது.

அவள் நிறுவனம் அவளை மறுபடி வெளி வேலைக்கு எடுத்துக்கொண்டது. அடுத்த வேலை சென்னைப் பக்கம், மருந்துக் கம்பெனியில், குளிர் அறை. மைனஸ் இருபது. புறப்படும்போது பஸ் நிலையத்தில், அங்கே உள்ளே குமிழ் இருக்குமா என்று கேட்டேன்.

"நான் போயி மொத வேலையா அதத்தான் அழுத்திப் பாப்பேன். பொறவுதான் மத்தது" என்றாள்.

எனக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஃப்ரிட்ஜை மூடும்போது இன்னும் ஒரு நொடி நிற்கிறேன். அவளிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளே போய் வெளியே வந்ததும் போனில் ஒரு வரி அனுப்ப வேண்டும். அனுப்புகிறாள். நேற்று நான் பஞ்சுக்கு எண்ணிக்கொண்டிருந்தபோது மேசையில் போன் அதிர்ந்தது. கூடை மூழ்கும் வரை காத்திருந்து, ஆறு என்று நோட்டில் எழுதிவிட்டு, எடுத்துப் பார்த்தேன்.

"வெளிய வந்துட்டேன் மேடம்" என்று இருந்தது.